வளர்பிறையில் சிங்கம் பார்க்கப் போனேன்

சந்திரனைப் பத்தி எனக்கே பாடம் எடுத்த ஆள் இந்த உலகத்துல ஒருத்தன் இருக்கான் சார். பேரு லவ்மோர். ஊரு ஆப்பிரிக்கா. ஆப்பிரிக்கான்னா அங்க ஜாம்பியான்னு ஒரு நாடு. சிரிக்காதீங்க, நிஜமாவே அவனைப் பெத்தவங்க வச்ச பேரே லவ்மோர்தான்.

நீங்களும் திருநெல்வேலிதானே? நல்லதாப் போச்சு. நான் சிவகாசி. சாத்தூர்ல மாறி ஏறினேன். இந்தப் பையைக் கொஞ்சம் உங்க கால்கிட்ட வச்சுக்கிடட்டுமா? சேவு, நசுங்கிடக் கூடாது. நீங்க பாட்டுக்குத் தூங்குங்க சார், நான் அதிகம் பேசுற ஆள் இல்லை. எங்க வீட்டுல கேட்டுப் பாருங்க. வீட்டுல இப்ப யாரும் இல்லைங்கிறது வேற விஷயம்.

நான் காலண்டர் பிரஸ் வச்சிருக்கேன் சார். காலையில எந்திரிச்சதும் ஒரு தாளைக் கிழிக்கிறீங்கல்ல, அதுல மூலையில ராகு காலம், எமகண்டம், திதின்னு பொடி எழுத்துல இருக்கும்ல, அதெல்லாம் என் கண்ணு பாத்துத் திருத்தினது. நல்ல தூக்கத்துல எழுப்பி, ‘தனுஷ்கோடி, வர்ற பங்குனிப் பவுர்ணமி என்னைக்கு’ன்னு கேளுங்க, கண்ணைத் திறக்காமச் சொல்லுவேன். அப்பேர்ப்பட்ட என்கிட்ட ஒருத்தன் வந்து, ‘சார், நீங்க தப்பான நிலாவுல வந்துட்டீங்க’ன்னா எப்படி இருக்கும்? நிலாவுல தப்பு எது, சரி எதுன்னு நான்ல சார் சொல்லணும்?

எல்லாத்துக்கும் காரணம் என் சகலை. பால்வண்ணன். பாளையங்கோட்டையில பெயிண்ட் கடை வச்சிருக்கார். என் சம்சாரம் ஜெயக்கொடிக்கு அக்கா தெய்வக்கனி, அவங்க வீட்டுக்காரர். போன வருசம் இவங்க ரெண்டு பேரும் ஆப்பிரிக்கா போய் மிருகமெல்லாம் பாத்துட்டு வந்தாங்க. வந்தவர் சும்மா இருந்தாரா? பேரனுக்குக் காதுகுத்து வச்சு, மண்டபத்துல பெரிய டிவியைக் கட்டி, படமாப் போடுறார். நாங்க பந்தியில உக்காந்து சாப்பிடுறோம், எதிர்ல டிவியில சிங்கம் உக்காந்து வரிக்குதிரையைச் சாப்பிடுது. அத்தனை பேரும் வாயைப் பொளந்துக்கிட்டு அதையே பாக்குறாங்க. பாயசம் ஊத்த வந்தவர் என் இலைக்கு ஊத்துறதை மறந்து சிங்கத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறார். நானே கையை நீட்டி வாளியை இழுக்க வேண்டியதாப் போச்சு.

அப்பதான் கேட்டேன், “சகலை, நீங்க என்னைக்குப் போனீங்க?” தேதியைச் சொன்னார். மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். அமாவாசை!

“அடடா, அமாவாசையில போயிருக்கீங்களே” அப்படின்னேன்.

“ஆமா, இருட்டாத்தான் இருந்துச்சு. அதுக்கென்ன?”

“அதுக்கென்னவா? பவுர்ணமியில போயிருந்தா காடே பட்டப்பகல் மாதிரி இருந்திருக்கும். ரெண்டு சிங்கம் பாத்த இடத்துல இருபது பாத்திருக்கலாம்.”

பந்தியில அத்தனை தலையும் என் பக்கம் திரும்பிருச்சு சார். யாரோ ஒருத்தர், “காலண்டர்காரர் சொன்னா சரியாத்தான் இருக்கும்” அப்படின்னார். ஜெயக்கொடி பக்கத்துல இருந்து என் தொடையில நறுக்குன்னு கிள்ளினா. எனக்கு உற்சாகம் குடுக்கிறா! சகலைக்கு மூஞ்சி சிவந்துருச்சு. “அப்ப நீங்க போய் இருபதையும் பாத்துட்டு வாங்களேன்” அப்படின்னார். அத்தனை சொந்தக்காரங்க முன்னால. விட்டுட முடியுமா?

எங்க தொழில்ல ஆடிப்பெருக்கு அன்னைக்குப் புது மாதிரிக் காலண்டரெல்லாம் ஆல்பமாப் போட்டுட்டா, அப்புறம் தை வரைக்கும் மூச்சு விட நேரம் கிடையாது. அதனால ஆனியிலேயே போறதுன்னு முடிவு பண்ணேன். வளர்பிறை. அமிர்தயோகம். கிளம்புற திசைக்குச் சூலமும் இல்லை. பவுர்ணமிக்கு ரெண்டு நாள் முந்தி இறங்குறோம், பவுர்ணமியைக் கொண்டாடுறோம், மறுநாள் ஓய்வு, அதுக்கு மறுநாள் கிளம்புறோம். டிக்கெட் போட்ட பையன் கேட்டான், “சார், அங்கே உள்ளவங்ககிட்ட ஒரு வார்த்தை எப்ப வந்தா நல்லதுன்னு கேட்டுக்கிடலாமா?” நான் சொன்னேன், “தம்பி, நாள் பாக்குறதுக்கு ஊரு உலகமெல்லாம் எங்க ஊருக்கு வருது. நான் போய் இன்னொருத்தன்கிட்ட கேக்கவா?”

ஜெயக்கொடி ஒண்ணும் சொல்லலை. அவ எப்பவுமே ஒண்ணும் சொல்ல மாட்டா. கல்யாணமான நாள்ல இருந்தே நான் பேசுவேன், அவ கேட்டுக்கிடுவா. அப்படி ஒரு ஒத்துமை.

போய் இறங்கினோம். ஆத்தங்கரையில கூடாரம் போட்ட விடுதி. கூடாரம்னா சர்க்கஸ் கூடாரம் மாதிரி இல்லை, உள்ளேயே கட்டில், குளியலறை எல்லாம் இருக்கு. ஆத்துக்குள்ள நீர்யானைங்க மொத்த மொத்தமா மூழ்கிக் கிடக்குங்க. ராத்திரியில தனியா நடக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அங்க எங்களுக்குன்னு விட்ட ஆள்தான் லவ்மோர். வழிகாட்டியும் அவனே, டிரைவரும் அவனே. நல்ல உசரம், நல்ல சிரிப்பு. என்ன ஒரு சங்கடம்னா, சம்சாரத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஒரு ஆம்பளையை ‘லவ்மோர், லவ்மோர்’னு கூப்பிட எனக்குக் கூச்சமா இருந்துச்சு. அதனால ‘மோர்’னு மட்டும் கூப்பிட்டேன். நான் “மோர்!”னு கத்தும்போதெல்லாம் ஜெயக்கொடி வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. அவ அவ்வளவு சிரிச்சு நான் பாத்ததே இல்லை.

முதல் நாள் சாயங்காலம் ஜீப்புல கிளம்பினோம். திறந்த ஜீப்பு. எங்ககூட ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. சூரியன் இறங்குறதுக்கு முன்னாலேயே நிலா மேல வந்து நிக்குது. நான் கையைக் காட்டி, “மோர், எப்படி நம்ம நிலா?” அப்படின்னேன். அவன் நிலாவைப் பாத்தான். என்னைப் பாத்தான். ஒரு பெருமூச்சு விட்டான்.

“அழகா இருக்கு சார். ஆனா சிங்கம் பாக்கணும்னா இது கொஞ்சம் தப்பான நிலா.”

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க!

“எப்படித் தப்பு? வெளிச்சம் இருந்தாத்தானே சிங்கத்துக்கு மான் தெரியும்?”

“மானுக்கும் சிங்கம் தெரியும்ல சார்? பாத்தா ஓடிடும். அது சிங்கத்துக்கே தெரியும். அதனால நிலாக் காயிற ராத்திரியில அதுக்குச் சரியா வேட்டை கிடைக்காது. பேசாமப் படுத்துக்கிடும். இருட்டுதான் அதுக்குத் தோது. அமாவாசையை ஒட்டி வந்திருந்தீங்கன்னா…”

அமாவாசை! அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சுருக்குன்னுச்சு. பால்வண்ணன் போனதும் இதே விடுதிதான். இவனுக்கு ஏதாவது சொல்லிக் குடுத்துட்டு வந்திருப்பாரோன்னு கூடச் சந்தேகம். சரி, தெரியாத ஆளுக்கு எடுத்துச் சொல்றது நம்ம கடமைன்னு, பிரதமையில ஆரம்பிச்சு ஒவ்வொரு திதியா விளக்கினேன். எந்தத் திதியில விதை போடலாம், எதுல மனை முகூர்த்தம், எதுல முடி வெட்டக் கூடாது, எல்லாம். அந்த வெள்ளைக்காரருக்கும் சேத்து இங்கிலீஷ்லயே சொன்னேன். நவமி வரைக்கும் வந்தப்ப ஜீப்பு விடுதிக்குத் திரும்பிடுச்சு. அன்னைக்கு நாங்க பாத்தது மான், மான், மான். வெட்டவெளியில, நிலா வெளிச்சத்துல, கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி நிக்குதுங்க.

மறுநாள் காலையில பாத்தா அந்தத் தம்பதி வேற ஜீப்புல ஏறி உக்காந்திருக்காங்க. ஏன்னு கேட்டேன். “உங்களுக்கு வசதியா இருக்கட்டும்னு இந்த ஜீப்பை முழுசா விட்டுக் குடுத்துட்டாங்க சார்” அப்படின்னான் லவ்மோர். எவ்வளவு மரியாதை பாருங்க. நம்ம ஊரு பஸ்ல யாராவது இப்படி விட்டுக் குடுப்பாங்களா?

அன்னைக்குச் சாயங்காலம்தான் சிறுத்தை வந்துச்சு. நான் திதி விளக்கத்துல ஏகாதசிக்கு வந்திருந்தேன். திடீர்னு லவ்மோர் ஜீப்பை நிறுத்தி உதட்டுல விரலை வச்சான். ஜெயக்கொடி என் முழங்கையைப் பிடிச்சு அமுக்குறா. ‘கேக்குறோம், மேல சொல்லுங்க’ன்னு அர்த்தம். நானும், “இதோ பாரு மோர், இந்த நிலாவுல இடது பக்கம் கொஞ்சூண்டு குறையுது பாத்தியா, அது நாளைக்கு ரொம்பிடும்”னு எந்திரிச்சு நின்னு காட்டினேன். அவ்வளவுதான். ரெண்டு பேரும் ஒண்ணா ‘ச்சோ’ன்னாங்க. என்னன்னு கேட்டா, பத்தடி தூரத்துல மரத்துக் கிளையில சிறுத்தை படுத்திருந்துச்சாம். என்னைப் பாத்துச்சாம். எந்திரிச்சுச் சோம்பல் முறிச்சு, இறங்கிப் போயிடுச்சாம்.

“எப்படிம்மா இருந்துச்சு?” அப்படின்னு ஜெயக்கொடிகிட்ட கேட்டேன்.

“நல்லாத்தாங்க இருந்துச்சு. நீங்க உக்காருங்க.”

நான் அதைப் பாக்கவே இல்லை சார். நிலாவைக் காட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு வழிகாட்டின்னா அந்த மிருகத்தை ரெண்டு நிமிசம் நிக்க வைக்கத் தெரிய வேண்டாமா?

மூணாம் நாள் பவுர்ணமி. எனக்குள்ள ஒரு நம்பிக்கை. இன்னைக்கு இருபதும் வரும்னு. குரங்குக் குல்லாவை மாட்டிக்கிட்டு, போனை நல்லாச் சார்ஜ் போட்டுக்கிட்டு உக்காந்தேன். அங்க ஆனியில அப்படி ஒரு குளிரு. நிலா எந்திரிச்சுச்சு பாருங்க, தாம்பாளத் தட்டு மாதிரி. கீழ விழுந்த ஊசியைக் கூட எடுத்துடலாம். காடு முழுக்கத் தெரியுது, காட்டுல ஒண்ணுமில்லைங்கிறதும் நல்லாத் தெரியுது. ஒரு முள்ளம்பன்னி ஓடுச்சு. ஒரு ஆந்தை எங்களைப் பாத்துட்டுக் கழுத்தைத் திருப்பிக்கிடுச்சு.

அப்புறம் ஒரு கரையான் புத்துக்கிட்ட லவ்மோர் சடார்னு பிரேக் போட்டான். நான் முன்னால போய் முட்டிக்கிட்டேன். பாத்தா, ஒரு பன்னி. பன்னின்னு முழுசாவும் சொல்ல முடியாது. மூஞ்சி பன்னி மூஞ்சி, நீளமா இழுத்து விட்ட மாதிரி. காது கழுதைக் காது. வாலு நல்ல தடிமன். குனிஞ்சு புத்தைப் பறிச்சுப் பறிச்சு என்னத்தையோ நக்கிக்கிட்டு இருக்கு. செய்யத் தெரியாதவன் மண்ணுல செஞ்ச பொம்மை மாதிரி இருந்துச்சு.

லவ்மோர் ஸ்டியரிங்கை விட்டுட்டு எந்திரிச்சே நின்னுட்டான் சார். “ஆர்ட்வார்க், ஆர்ட்வார்க்” அப்படிங்கிறான் கிசுகிசுன்னு. ‘ஹார்டு ஒர்க்’குங்கிறதை அவங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவாங்க போல. எனக்கு மனசு இளகிருச்சு. “ஆமா மோர், நீ கஷ்டப்பட்டுத்தான் வேலை பாக்குறே, நான் இல்லேன்னு சொல்லலை” அப்படின்னு தோளைத் தட்டிக் குடுத்தேன். அந்தப் பன்னி தலையைத் தூக்கிக் காதை ஆட்டிட்டுப் புதருக்குள்ள போயிடுச்சு. திரும்பிப் பாத்தா லவ்மோர் கண்ணுல தண்ணி. என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, “என் வாழ்நாள்ல பாத்ததில்லை சார், எங்கப்பா ஒரே ஒரு தடவை பாத்ததாச் சொல்லுவார், நான் பாத்ததே இல்லை” அப்படிங்கிறான். இவ்வளவு மோசமான பயணத்தை அவங்க பரம்பரையில ரெண்டாவது தடவையாப் பாக்குறாங்க போல. பவுர்ணமி அன்னைக்கு விருந்தாளிக்கு ஒரு பன்னியைக் காட்டிட்டோமேன்னு அவனுக்கு அவமானம். தொழில் மேல பக்தி உள்ளவன் சார்.

“அழாதே மோர், நாளைக்குச் சிங்கம் காட்டு”ன்னு தேத்தினேன். ஜெயக்கொடி முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டா. அவளும் இளகின மனசுக்காரி.

“போட்டோ எடுத்தீங்களா?” அப்படின்னு கேட்டா.

“பன்னியை எதுக்கு எடுக்கணும்? நிலாவை எடுத்திருக்கேன் பாரு.”

மறுநாள் பிரதமை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் லவ்மோர் ரொம்ப உற்சாகமா வந்தான். “சார், இன்னைக்கு நிலா தாமதமாத்தான் வரும். சூரியன் விழுந்ததுக்கும் நிலா எந்திரிக்கிறதுக்கும் நடுவுல கொஞ்ச நேரம் நல்ல இருட்டு இருக்கும். நிலாக் காஞ்ச நாளெல்லாம் சிங்கம் சரியாச் சாப்பிட்டிருக்காது. அந்த இருட்டுக்காகவே காத்துக்கிட்டுக் கிடக்கும். இனிமேதான் சார் நல்ல நாளே” அப்படின்னான்.

நல்ல நாளாம்! தேய்பிறை ஆரம்பம். அதுலயும் பிரதமை. அஷ்டமி, நவமியில வேண்டாம்னு விடுற மாதிரி பிரதமையிலயும் எந்தக் காரியத்துக்கும் கிளம்ப மாட்டோம்னு அவனுக்குத் தெரியலை. நான் சொன்னேன், “மோர், இத்தனை வருசமா நான் அச்சடிச்சு ஊருக்கெல்லாம் குடுத்ததை நானே மீறினா, எவன் என் காலண்டரை நம்புவான்? நான் வரலை.” அப்படியே திரும்பி, “ஜெயக்கொடி, நாமளும் இன்னைக்கு…”ன்னு ஆரம்பிச்சேன். அவ மப்ளரைக் கட்டிக்கிட்டு நிக்கிறா.

“நான் போயிட்டு வர்றேங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவ தனியா எங்கேயும் போனதில்லை. “நீ எதுக்கும்மா?”ன்னு கேட்டேன்.

“அந்தத் தம்பி பாவம், நேத்தே அழுதுச்சு. யாருமே வரலைன்னா மனசு கஷ்டப்படும்ல?”

எப்பேர்ப்பட்ட மனசு பாருங்க. நான் அனுப்பி வச்சேன். அந்த வெள்ளைக்காரத் தம்பதி கூட அன்னைக்கு இந்த ஜீப்புக்கே திரும்பி வந்துட்டாங்க, இவளுக்குத் துணையா. நான் கம்பளியைப் போத்திக்கிட்டுக் கூடாரத்து வாசல்ல உக்காந்து, அங்க காவலுக்கு நின்னவர்கிட்ட சூரிய கிரகணத்தைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா நல்லாக் கேட்டார்.

நிலா மேல வந்து ரொம்ப நேரம் கழிச்சு ஜெயக்கொடி வந்தா. தலையெல்லாம் தூசி. கண்ணு ரெண்டும் பளபளன்னு இருக்கு. குளிருக்குக் கண்ணுல தண்ணி கோத்திருக்கு போல.

“என்னம்மா பாத்தே?”

மப்ளரை அவுத்துத் தூசியைத் தட்டினா. கட்டில்ல உக்காந்தா. “பூனைங்க” அப்படின்னா.

“பூனையா?”

“ம். ஏழெட்டு இருக்கும். சாப்பிட்டுக்கிட்டு இருந்துச்சுங்க.”

எனக்கு வயிறு எரிஞ்சுச்சு சார். கடல் தாண்டி வந்து பூனை சோறு திங்கிறதைப் பாத்துட்டு வந்திருக்கா. ஆனா அதுக்கு அவ ஒரு வருத்தமும் படலை. படுத்து, கூடாரத்து உச்சியைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே கிடந்தா. காய்ச்சலா இருக்குமோன்னு நெத்தியைத் தொட்டுப் பாத்து, துன்னூறு பூசி விட்டேன்.

இப்படியா ஊரு வந்து சேந்தோம். அதுக்கப்புறம் எனக்கு இருந்த கவலை உங்களுக்குச் சொன்னாப் புரியாது. ஆவணியில தூத்துக்குடியில ஒரு கல்யாணம். சகலையும் வருவார், அத்தனை சொந்தமும் வரும். ‘இருபது சிங்கம் எங்கே’ன்னு கேட்டா என்ன சொல்றது? பேசாமக் கால்ல சுளுக்குன்னு சொல்லிடலாமான்னு பாத்தேன். ஜெயக்கொடி, “வாங்க, நான் பாத்துக்கிடுறேன்” அப்படின்னா.

நெனச்ச மாதிரியே நடந்துச்சு. சாப்பிட்டுட்டு எல்லாரும் நாற்காலியை வட்டமாப் போட்டு உக்காந்திருக்கோம். பால்வண்ணன் வெத்தலையை மடிச்சுக்கிட்டே, “என்ன சகலை, சிங்கமெல்லாம் சுகமா?” அப்படின்னார். நான், நான் சார், ஒரு வார்த்தை வராம உக்காந்திருக்கேன்.

அப்ப ஜெயக்கொடி வாயைத் திறந்தா.

“பாத்தோம் அத்தான். அன்னைக்கு நிலா இன்னும் கிளம்பலை. வானம் பூரா நட்சத்திரம். ஜீப்புல விளக்கை அணைச்சுட்டாங்க. நம்ம கையே நமக்குத் தெரியலை. முதல்ல மூச்சுச் சத்தம்தான் கேட்டுச்சு. ஜீப்பை ஒட்டினாப்புல நடந்து போகுதுங்க, கையை நீட்டினாத் தொட்டுடலாம். எல்லாம் பொம்பளைச் சிங்கம். ஒண்ணு அந்தப் பக்கமாப் போச்சு, ரெண்டு இந்தப் பக்கமாப் பிரிஞ்சுச்சு. யாரும் யாருக்கும் ஒண்ணும் சொல்லலை, ஆனா எல்லாத்துக்கும் தெரியுது. அப்புறம் ஒரு புழுதி, ஒரு கத்தல், அவ்வளவுதான். எல்லாம் முடிஞ்சப்புறம் ஆம்பளைச் சிங்கம் மெதுவா எந்திரிச்சு வந்து, முதல் பந்தியில உக்காந்துக்கிடுச்சு.”

பொம்பளைங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. இவ நிறுத்தலை.

“அப்பதான் நிலா வந்துச்சு. அந்த வெளிச்சத்துல பாத்தா, குட்டிங்க மூஞ்சியெல்லாம் செக்கச்செவேல்னு, குங்குமத்தைக் கொட்டிக்கிட்ட புள்ளைங்க மாதிரி. ஒரு குட்டி நிமிந்து நிலாவைப் பாத்துச்சு அத்தான். அதைப் பாத்துட்டு எனக்கு ஏன்னே தெரியாம அழுகை வந்துடுச்சு.”

பால்வண்ணன் வெத்தலையை வாயில போட மறந்து கையிலேயே வச்சிருக்கார். “போட்டோ?” அப்படின்னார், கேக்கணுமேன்னு.

“அதை எப்படி அத்தான் போட்டோ எடுக்க முடியும்? கண்ணாலதான் பாத்தேன்.”

பாத்தோம்னு சொல்லியிருக்கணும், அந்த ஒரு இடத்துல சறுக்கிட்டா. யாரும் கவனிக்கலை. சார், எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. புருஷன் மானத்தைக் காப்பாத்துறதுக்காக ஒருத்தி இப்படி ஒரு பொய்யை, ஒரு குறை சொல்ல முடியாம, கண்ணு முன்னால நிக்கிற மாதிரிச் சொல்லுவாளா? எங்கேயிருந்து வந்துச்சு இந்தக் கற்பனை! வீட்டுக்கு வந்ததும், “நீ பெரிய ஆளும்மா” அப்படின்னேன். “எதுக்கு?”ன்னு கேட்டா, ஒண்ணுமே தெரியாத மாதிரி. அதுதான் ஜெயக்கொடி.

அதுக்கப்புறம் அக்காளும் தங்கச்சியும் தினம் போன்ல பேச்சு. ஒரு நாள் ஜெயக்கொடி என் முன்னால வந்து நின்னா. “நானும் அக்காவும் ஆப்பிரிக்கா போறோம். புரட்டாசித் தேய்பிறையில. லவ்மோர் தம்பிகிட்ட கேட்டுட்டோம், அதான் நல்லதுன்னு சொல்லிடுச்சு” அப்படின்னா.

“புரட்டாசித் தேய்பிறையா? மாளய பட்சம்மா அது! அப்ப யாரும் ஒரு துணி கூட வாங்க மாட்டாங்களே!”

“சிங்கத்துக்குப் பட்சமெல்லாம் தெரியாதுங்க.”

“சரி, அப்ப நானும்…”

“வேண்டாங்க. நீங்க இருந்து பிரஸ்ஸைப் பாருங்க.”

போன தடவை நான் எவ்வளவு வேதனைப்பட்டேன்னு அவளுக்குத் தெரியும்ல? மறுபடியும் எனக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம்னு நெனைக்கிறா. பால்வண்ணனும், ‘நானும் வர்றேன்’னு கேட்டிருக்கார். அவரையும் வேண்டாம்னுட்டாங்க தெய்வக்கனி மதினி. அவர் கதை வேற. ராத்திரி எனக்குப் போன் போட்டுக் குரலைத் தாழ்த்திச் சொல்றார், “சகலை, வெளிய சொல்லிடாதீங்க. அன்னைக்கு மண்டபத்துல போட்ட படமெல்லாம் உங்க மதினி எடுத்தது. நான் சிங்கத்தைப் பாத்ததும் சீட்டுக்குக் கீழே உக்காந்துட்டேன்.” கேக்கவே பாவமா இருந்துச்சு. நானாவது நின்னு நிலாவைக் காட்டினேன்.

ரெண்டு பேரும் போய் ஒரு வாரம் ஆகப்போகுது. எனக்கு ரசம் வைக்கத் தெரியாது. அவருக்கு ரசம் மட்டும்தான் வைக்கத் தெரியுமாம். ஞாயித்துக்கிழமைதானே, வாங்க சகலைன்னார். அதான் இந்தப் பஸ். முன்னெல்லாம் ஒருத்தரை ஒருத்தர் மட்டம் தட்டுறதுக்குன்னே பேசுவோம் சார். இப்ப சாப்பிட்டாச்சா, தூங்கினீங்களான்னு கேட்டுக்கிடுறோம்.

இருங்க சார், போன். ஜெயக்கொடிதான்! அங்க இப்பதான் விடிஞ்சும் விடியாம இருக்கும்.

ஹலோ! ஆங், கேக்குது. பஸ்ல இருக்கேன், கயத்தாறு தாண்டிட்டோம். சாப்பிட்டியா? குளிருதா? மோர் நல்லாருக்கானா? அங்க நிலா இன்னும் மேல நிக்குதா? இன்னைக்குத் திதி என்ன தெரியுமா, சஷ்… என்னது? பேசாம இருக்கவா? கேக்க மட்டும் செய்யவா? சரி. சரிம்மா, ஸ்பீக்கர்ல போடுறேன்.

சார், கிட்ட வாங்க. என்னமோ கேக்கச் சொல்றா.

யம்மாடி!

கேட்டீங்களா? சார், கேட்டீங்களா? முன்சீட்டு அம்மா, புள்ளை அழுதா? தட்டிக் குடும்மா, ஒண்ணுமில்லை. கண்டக்டர் சார், எட்டி எட்டி டயரைப் பாக்காதீங்க, வண்டிக்கு ஒண்ணும் ஆகலை. டிரைவர்கிட்டயும் சொல்லிடுங்க. சிங்கம் சார் அது, சிங்கம்! ஆத்துக்கு அந்தக் கரையில நிக்குதாம். என் சம்சாரம் ஆப்பிரிக்காவுல இருந்து கேக்க வைக்கிறா!

உஷ்… எல்லாரும் கொஞ்சம் பேசாம இருங்கய்யா. இன்னொரு தடவை கத்தப் போகுதாம்.